அமெரிக்கா போற பார்சல் ஏன் நின்னுச்சு?



2025 அக்டோபர் மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் ராஜபாளையம் பக்கத்துக் குழு ஒன்றின் பிரதிநிதி எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "மேடம், நாங்க தைச்ச நைட்டியில ஒரு குத்தம் சொல்ல முடியாது. அளவு சரி, துணி சரி, சாயம் போகல. ஆர்டர் கொடுத்தவங்க பாதிப் பணமும் போட்டுட்டாங்க. அப்புறம் பார்சல் ஏன் நின்னுச்சு? இதுல யாரு தப்பு?"

அன்றைக்கு எங்களால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. "அரசாங்கத்துல ஏதோ வரிப் பிரச்சனையாம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டோம். அந்தப் பதில் எங்களுக்கே பிடிக்கவில்லை. அதன் பிறகு தபால் நிலையத்தில் கேட்டும், படித்தும், அந்தக் குழுவின் பதிவேடுகளை உட்கார்ந்து பார்த்தும் தெரிந்துகொண்டதைத்தான் இந்த இதழில் பாடமாகத் தருகிறோம். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் இரண்டு ஒன்றியங்களிலும் இப்போது பல குழுக்கள் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் படம் போட்டு விற்கத் தொடங்கியிருக்கிறீர்கள். வெளிநாட்டு ஆர்டர் உங்களுக்கும் வரும். வருவதற்கு முன்பே இதைக் குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.

நடந்தது என்ன?

குழுவின் பெயர் வேண்டாம். பன்னிரண்டு உறுப்பினர்கள். அதில் ஐந்து பேர் தையல். நம்ம பக்கம் நைட்டிக்குப் பெயர் போன பக்கம்தான், தளவாய்புரம் நைட்டி தெரியாத கடை தமிழ்நாட்டில் குறைவு. இந்த ஐவரும் பெரிய யூனிட்டுகளோடு போட்டி போடாமல், பருத்தித் துணியில் பை வைத்து, கையளவு கேட்டுத் தைத்துக் கொடுப்பார்கள். ஒரு உறுப்பினரின் நாத்தனார் மகள் அமெரிக்காவில் இருக்கிறார். அவர் போட்டுக் காட்ட, அவருடைய தோழிகள் கேட்க, அப்படியே வளர்ந்தது. 2025 தீபாவளிக்கு அமெரிக்காவிலிருந்து மட்டும் 18 ஆர்டர். ஒரு ஆர்டருக்கு 6 நைட்டி, ஒன்று ரூ.400 வீதம் ரூ.2,400. பாதிப் பணம் முன்பணம். தபால் செலவு தனி. துணி, லேஸ், பொத்தான் வாங்க குழுவில் ரூ.30,000 உள்கடன் எடுத்தார்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. செப்டம்பர் கடைசியில் கட்டிவிடுவதாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 20க்குள் 7 பார்சல் போய்விட்டது. மீதி 11 பார்சலையும் கட்டி, ஆட்டோவில் ஏற்றி, ஆகஸ்ட் கடைசி வாரத்தில் தபால் நிலையத்துக்குப் போனால், "அமெரிக்காவுக்கு இப்ப எடுக்கிறதில்லம்மா, உத்தரவு வந்திருக்கு" என்றார்கள். எப்போது எடுப்பார்கள் என்று கவுண்டரில் இருந்தவருக்கும் தெரியாது. அவரும் என்ன செய்வார்?

உத்தரவு எங்கிருந்து வந்தது?

இது நம்ம தபால் நிலையத்தின் கோளாறு அல்ல. அமெரிக்காவில் ஒரு சலுகை இருந்தது. 800 டாலர் மதிப்புக்கு உட்பட்ட சின்னப் பார்சல்களுக்குச் சுங்க வரி கிடையாது, பெரிய கணக்கு வழக்கும் கிடையாது. 2016ஆம் ஆண்டு 200 டாலராக இருந்த வரம்பை 800 ஆக உயர்த்தினார்கள். நம்ம ஆறு நைட்டி 30 டாலர்கூட வராது. அதனால் இத்தனை நாளும் வரி என்ற பேச்சே இல்லாமல் போய்ச் சேர்ந்தது. நம்மைப் போலவே உலகம் முழுக்க, முக்கியமாகச் சீனாவிலிருந்து, இந்த வழியில் சரக்கு போனது. 2024 நிதியாண்டில் மட்டும் 130 கோடிக்கும் மேற்பட்ட சின்னப் பார்சல்கள் இந்தச் சலுகையில் அமெரிக்காவுக்குள் போயிருக்கின்றன. உள்ளூர் வியாபாரம் கெடுகிறது, தடை செய்யப்பட்ட பொருளும் இதற்குள் ஒளிந்து வருகிறது என்று அங்கே எதிர்ப்புக் கிளம்பியது. முதலில் சீனாவுக்கு 2025 மே 2 முதல் சலுகையை எடுத்தார்கள். ஜூலை 30ல் அமெரிக்க அதிபர் போட்ட உத்தரவால் ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுக்கும் போய்விட்டது.

அதே மாதத்தில் இந்தியச் சரக்குக்கு இன்னொரு அடி. ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதம், ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25 சதவீதம், ஆக 50 சதவீதக் கூடுதல் வரி.

வரி கூடினால் கூடட்டும், தபால் ஏன் நிற்க வேண்டும்? எங்களுக்கும் இதுதான் முதலில் புரியவில்லை. விஷயம் இதுதான்: வரியை யார் வசூலிப்பது, எப்படி அமெரிக்காவுக்குக் கட்டுவது என்ற ஏற்பாடே அப்போது தயாராகவில்லை. வரி கட்டாத தபாலை ஏற்றிக்கொண்டு போனால் அங்கே மாட்டிக்கொள்வோம் என்று விமான நிறுவனங்கள் தயங்கின. அதனால் இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்கத் தபாலை நிறுத்தியது. கடிதம், ஆவணம், 100 டாலர் வரையுள்ள பரிசுப் பொருள் மட்டும் போகலாம் என்றார்கள். சில நாளில் அதுவும் நின்றது. நாம் மட்டும் இல்லை. உலக அஞ்சல் ஒன்றியம் சொன்ன கணக்குப்படி 88 அஞ்சல் நிறுவனங்கள் முழுதாகவோ ஓரளவோ நிறுத்தின. ஒரே வாரத்தில் அமெரிக்காவுக்குப் போகும் தபால் 80 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. ஜெர்மனிக்காரனுக்கும் ஜப்பான்காரனுக்கும் அந்த வாரம் இதே பாடுதான்.

இந்திய அஞ்சல் துறை 2025 அக்டோபர் 15ல் மறுபடி எடுக்கத் தொடங்கியது. தீபாவளி அக்டோபர் 20. ஐந்து நாளில் எந்தப் பார்சல் அமெரிக்கா போய்ச் சேரும்?

குழுவில் நடந்த சண்டை

அந்த இரண்டு மாதம் அந்தக் குழு பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். கணக்கு எழுதும் அக்கா இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். காய்ச்சல் இல்லை. வந்தால் எல்லோரும் அந்த முப்பதாயிரத்தைத்தான் கேட்பார்கள் என்று பயம். இன்னொரு உறுப்பினர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு உள்கடன் கேட்டுக் காத்திருந்தார். பணம் நைட்டியாகத் தைத்து மூட்டையில் கிடக்கிறது. "அமெரிக்காக்காரிக்கு நைட்டி தைக்கிறதுக்கு எம்புள்ள படிப்ப நிறுத்தணுமா?" என்று அவர் கேட்டது நியாயம். "நாங்க என்ன வேணும்னா செஞ்சோம், எல்லாரும்தானே கையெழுத்துப் போட்டீங்க" என்று தையல்காரர்கள் சொன்னதும் நியாயம்.

பதினொரு ஆர்டர் எப்படி முடிந்தது என்று சொல்கிறோம். ஐந்து பேர், "சரி பரவாயில்லை, சென்னையில எங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிடுங்க, ஊருக்கு வரும்போது எடுத்துக்கிறோம்" என்று மதுரை, கோவை, சென்னை முகவரி கொடுத்தார்கள். நான்கு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். ரூ.1,200 வீதம் ரூ.4,800 திருப்பிக் கொடுக்கப்பட்டது. இரண்டு பேர் காத்திருந்தார்கள். திருப்பிக் கொடுத்த நான்கு ஆர்டரின் 24 நைட்டியையும் ராஜபாளையம் தீபாவளிச் சந்தையில் ரூ.300க்கு விற்றார்கள். நைட்டிக்கு நூறு ரூபாய் நட்டம், மொத்தம் ரூ.2,400. உள்கடன் இரண்டு மாதம் தள்ளிப் போனதில் வட்டி ரூ.600. ஆக ரூ.3,000.

சின்னத் தொகைதானே என்று தோன்றும். அந்த ஐவருக்கும் ஒரு நைட்டிக்குத் தையல் கூலி 60 ரூபாய். மூவாயிரம் ரூபாய் என்றால் ஐம்பது நைட்டியைச் சும்மா தைத்த மாதிரி. கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேசி, வட்டியில் ஒரு மாதத்தைத் தையல்காரர்களும் ஒரு மாதத்தைக் குழுவின் பொது நிதியும் ஏற்பது என்று முடிவானது. 2,400 ரூபாய் நட்டம் தையல்காரர்களுக்கே. இது சரியான பங்கீடா என்று எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. பார்சல் நின்றால் யார் தாங்குவது என்று ஆர்டர் எடுத்த அன்றே பேசியிருந்தால் அந்த இரண்டு மணி நேரச் சண்டை வந்திருக்காது என்பதில் மட்டும் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. சுங்கத் தாமதத்தை நம்மால் நிறுத்த முடியாது. அது யார் தலையில் விழும், எவ்வளவு விழும் என்பதை நாம்தான் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் தப்பு ஒன்று

முதலில் போன 7 பார்சலில் ஐந்து தாமதமாகவேனும் போய்ச் சேர்ந்தது. ஒன்று செப்டம்பர் கடைசியில் கிடைத்தது. மீதி ஒன்று டிசம்பரில் திரும்பி வந்தது, ஓரம் கிழிந்து, மேலே ஏதேதோ சீட்டு ஒட்டி. படிவத்தைப் பார்த்தோம். 'பரிசு' என்று எழுதியிருந்தது. உள்ளே ஆறு நைட்டி, ஆறிலும் விலைச் சீட்டு.

அப்படி எழுதச் சொன்னது நாங்கள்தான். "பரிசுன்னு போட்டா சுலபமாப் போயிடும்க்கா" என்று யாரோ சொன்னதைக் கேட்டு நாங்களும் சொல்லிவிட்டோம். திரும்பி வந்ததற்கு இதுதான் காரணம் என்று எந்தச் சீட்டிலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் பணம் வாங்கி விற்ற பொருள் பரிசு ஆகாது. பரிசுச் சலுகை ஒரு ஆள் இன்னொரு ஆளுக்குச் சும்மா அனுப்புவதற்கு. விற்ற பொருளைப் பரிசு என்று எழுதுவது சுங்கச் சட்டப்படி பொய்யான அறிவிப்பு. கையெழுத்துப் போட்டவர் நம்ம உறுப்பினர், மாட்டினால் மாட்டுவது அவர்தான். விலையைக் குறைத்து எழுதுவதும் அதே கதை. பார்சல் தொலைந்தால், எழுதிக் கொடுத்த விலையை மீறி யாரிடமும் கேட்க முடியாது. இனி யாரும் எங்கள் பேச்சைக் கேட்டு அப்படி எழுத வேண்டாம்.

பார்சல் போகும் வழி

ஸ்ரீவில்லிபுத்தூரில் கொடுத்த பார்சல் அப்படியே விமானம் ஏறுவதில்லை. சென்னையில் வெளிநாட்டு அஞ்சலகம் இருக்கிறது. அங்கே நம்ம நாட்டுச் சுங்கத்துறை பார்க்கும். வெளியே போகக்கூடாத பொருள் இருக்கிறதா, படிவமும் பொருளும் ஒத்துப் போகிறதா என்பது அவர்கள் கவலை. பிறகு விமானம். போய் இறங்கியதும் அந்த நாட்டுச் சுங்கம். அவர்களின் கேள்வி வேறு: இதற்கு எவ்வளவு வரி? இது எங்கள் நாட்டுக்குள் வரலாமா? அதற்குப் பிறகுதான் அந்த ஊர்த் தபால்காரர் கைக்குப் போகும். ஆக ஒரு பார்சலுக்கு இரண்டு சுங்கச் சாவடி. பெரும்பாலும் நிற்பது இரண்டாவதில்.

எங்கே நிற்கிறது என்று பார்க்க ரசீதில் 13 இலக்க எண் இருக்கும். முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது எண், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் ஐ, என் என்ற இரண்டு எழுத்து. இதை இந்திய அஞ்சல் துறை இணையத்தளத்தில் போட்டால் நாட்டை விட்டுப் போகும் வரை தெரியும். அதற்குப் பிறகு விவரம் சரியாக வரவில்லை என்றால் பதற வேண்டாம். அதே எண்ணை, போகும் நாட்டின் அஞ்சல் துறை இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள். அமெரிக்கா என்றால் யு.எஸ்.பி.எஸ். தளம். நம்ம பக்கம் அசையாமல் காட்டும் பார்சல் அங்கே சுங்கத்தைத் தாண்டி வீட்டு வாசலில் இருப்பதாகக் காட்டியதை நாங்களே பார்த்திருக்கிறோம்.

படிவத்தில் என்ன எழுதுவது?

'துணி', 'டிரஸ்', 'ஐட்டம்' என்று மொட்டையாக எழுதினால் சுங்க அதிகாரி பிரித்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அதுவே தாமதம். 'பெண்கள் நைட்டி, 100 சதவீதம் பருத்தி, தறித் துணி, எண்ணிக்கை 6, இந்தியாவில் செய்தது' என்ற விவரத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பின்னலாடைத் துணியா தறித் துணியா என்பது நமக்குச் சின்ன விஷயம், சுங்கத்துக்குப் பெரிய விஷயம். வரியே மாறும்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் உண்டு. எச்.எஸ். எண் என்பார்கள். அதில் முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான். பருத்தித் தறித் துணியில் தைத்த பெண்கள் நைட்டிக்கு 620821. இங்கிலீஷ் தெரியாத அதிகாரிக்கும் இந்த எண்ணைப் பார்த்தால் உள்ளே என்ன என்று தெரிந்துவிடும். நம்ம பஞ்சாயத்தில் பட்டா எண் சொல்வது மாதிரி. உங்கள் பொருளுக்கான எண்ணை ஒரு தடவை சரியாகக் கேட்டு, பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிடுங்கள். வாங்குபவரின் முழு முகவரி, அஞ்சல் குறியீடு, அந்த நாட்டு செல்போன் எண் கட்டாயம். சுங்கத்துக்குச் சந்தேகம் வந்தால் அந்த எண்ணில்தான் கேட்பார்கள்.

வியாபாரமாக அனுப்புவதற்கு ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும். ஐ.இ.சி. என்பார்கள். வெளிநாட்டு வணிக இயக்குநரகத்தின் இணையத்தளத்தில் விண்ணப்பிக்கலாம். பான் எண், வங்கிக் கணக்கு, முகவரிச் சான்று போதும். கட்டணம் ரூ.500. ஆயுளுக்கும் ஒரே எண்தான். ஆனால் வருடா வருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் இணையத்தில் போய் விவரம் சரி என்று உறுதி செய்ய வேண்டும். மறந்தால் எண் செயலிழந்துவிடும். 2022 முதல் அஞ்சல் துறை 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' என்ற ஏற்றுமதி மையங்களைத் திறந்திருக்கிறது. சிறு தொழில் செய்பவர்கள் தபால் வழியே ஏற்றுமதி செய்ய உதவுவதற்கென்றே உள்ள மையம். ஏற்றுமதி அறிவிப்பை இணையத்திலேயே பதிவு செய்துவிட்டு, பார்சலை அங்கே கொடுக்கலாம். நமக்குப் பக்கத்து மையம் எது என்று தலைமை அஞ்சலகத்தில் கேளுங்கள்.

வரியை யார் கட்டுவது?

இரண்டு வழி உண்டு. ஒன்று, வாங்குபவர் அங்கே கட்டி எடுத்துக்கொள்வது. நமக்குச் சுலபம். ஆனால் 2,400 ரூபாய்ப் பொருளுக்கு எதிர்பாராமல் வரி கேட்டால் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிடுவார். பார்சல் திரும்பும், போன செலவும் போச்சு. இன்னொன்று, அனுப்பும்போதே நாம் இங்கே கட்டிவிடுவது. 2025 அக்டோபர் 15ல் அமெரிக்கத் தபால் மறுபடி தொடங்கியபோது இந்த முறையில்தான் தொடங்கினார்கள். பொருள் மதிப்பில் 50 சதவீதம் தபால் நிலையத்திலேயே கட்ட வேண்டும் என்றார்கள். காத்திருந்த இரண்டு ஆர்டருக்கும் ரூ.1,200 வீதம் வரி. ஒருவர் முழுதும் தானே கட்டினார். இன்னொருவர் பாதி கொடுத்தார், பாதியைக் குழு ஏற்றது. அமெரிக்க வரி அடிக்கடி மாறும் விஷயமாகிவிட்டது. இந்த இதழில் படித்த சதவீதத்தை நம்பி விலை சொல்லாதீர்கள். அனுப்பும் வாரத்தில் தபால் நிலையத்தில் கேட்டு, அதன் பிறகு சொல்லுங்கள்.

மற்ற நாடுகளில் கணக்கு வேறு. சிங்கப்பூருக்குத் தபாலில் போகும் பொருள் 400 சிங்கப்பூர் டாலருக்குள் இருந்தால் எல்லையில் வரிக்காக நிறுத்துவதில்லை. ஆஸ்திரேலியாவில் அந்த வரம்பு 1,000 ஆஸ்திரேலிய டாலர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரை இருந்த சலுகையை 2021 ஜூலை 1ல் எடுத்துவிட்டார்கள். அதனால் ஒரு தலையணை உறைக்கும் அங்கே வரி உண்டு. நம்ம குழுக்களுக்குத் தொடங்க ஏற்ற இடம் சிங்கப்பூர் என்பது எங்கள் அபிப்பிராயம். தூரம் குறைவு, வரம்பு தெளிவு, தமிழ்க் குடும்பங்களும் அதிகம்.

பால்கோவா அனுப்பலாமா?

ஸ்ரீவில்லிபுத்தூர்க் குழுக்கள் எப்போதும் கேட்கும் கேள்வி. 2019ல் நம்ம பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் புவிசார் குறியீடு பெயரைக் காக்கும், சுங்கச் சாவடியைத் திறந்துவிடாது. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும், நம்ம நாடு போன்ற வெளிநாடுகளிலிருந்து தனியாருக்குத் தபாலில் வரும் பால் பொருளை அனுமதிப்பதில்லை. கால்நடை நோய் பரவும் என்ற பயம். அமெரிக்காவுக்கு வியாபாரமாக எந்த உணவுப் பொருள் அனுப்பினாலும் அந்நாட்டு உணவுத் துறைக்கு முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். ஆஸ்திரேலியா பால், விதை, மரம், ஓலை எல்லாவற்றிலும் கறார். பனையோலைப் பெட்டியில் பூச்சி இருந்தால் அழித்துவிடுவார்கள். இதெல்லாம் இல்லாவிட்டாலும், பத்து நாள் சுங்கத்தில் கிடந்த பால்கோவாவை யார் சாப்பிடுவது? ஊருக்கு வந்து போகிறவர்கள் கையில் வாங்கிப் போகட்டும், அதுவும் அந்த நாட்டு விதி அனுமதித்தால். வெளிநாட்டுக்குக் குழு வியாபாரம் என்றால் துணிப்பை, நைட்டி, தலையணை உறை, சுந்தரபாண்டியம் கைத்தறிச் சேலை மாதிரி கெட்டுப்போகாத பொருளாக இருக்கட்டும்.

வாங்குபவரிடம் என்ன சொல்வது?

பார்சல் நின்றதும் நம்ம ஆட்கள் செய்யும் முதல் வேலை, போனை எடுக்காமல் இருப்பது. அந்தக் குழுவும் முதல் பத்து நாள் அதைத்தான் செய்தது. நான்கு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு வரியைவிட இந்த மௌனம்தான் காரணம் என்று அவர்களில் ஒருவரே பிறகு சொன்னார். "நின்னுடுச்சுன்னு சொல்லியிருந்தா நான் காத்திருப்பேங்க" என்றார்.

பிறகு குழுவே உட்கார்ந்து ஒரு வாட்ஸ்அப் செய்தி எழுதியது. நீங்களும் இதை வைத்துக்கொள்ளலாம்: "வணக்கம்மா. உங்க பார்சல் தயாரா இருக்கு, படம் அனுப்பியிருக்கோம். அமெரிக்காவுக்குத் தபால் இப்போ நின்னிருக்கு. எப்போ தொடங்கும்னு எங்களுக்குத் தெரியல, தெரிஞ்ச அன்னைக்கே சொல்றோம். நீங்க மூணுல ஒண்ணு சொல்லலாம்: காத்திருக்கலாம், இந்தியாவுல வேற முகவரி தரலாம், இல்லைன்னா முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கலாம். எது சொன்னாலும் எங்களுக்கு வருத்தமில்ல." இந்தச் செய்தி போன பிறகுதான் ஐந்து பேர் அம்மா வீட்டு முகவரி கொடுத்தார்கள். தேதி தெரியாதபோது "இன்னும் ரெண்டு நாள்ல வந்துடும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த இரண்டு நாள் கழிந்ததும் அவர் சுங்கத்தை விட்டுவிட்டு உங்கள் மேல் கோபப்படுவார்.

குழுக்கள் தீர்மானத்தில் எழுத வேண்டியவை

அந்தக் குழு நவம்பர் கூட்டத்தில் போட்ட தீர்மானம் எங்களுக்குப் பிடித்திருந்தது. வெளிநாட்டு ஆர்டருக்குத் துணி வாங்குவது வாங்குபவரின் முன்பணத்தில். உள்கடன் தேவைப்பட்டால் ரூ.10,000க்கு மேல் இல்லை, படிப்புக்கும் மருத்துவத்துக்கும் கேட்பவர்களுக்கே முதலிடம். பண்டிகை ஆர்டர் என்றால் பண்டிகைக்கு இரண்டரை மாதம் முன்பே தபாலில் சேர்த்துவிடுவது, அதற்குப் பிறகு வரும் ஆர்டரை "பண்டிகைக்குக் கிடைக்காது" என்று சொல்லியே எடுப்பது. உள்ளூரில் விற்க முடியாத அளவிலோ டிசைனிலோ வெளிநாட்டுக்கென்று தைப்பதில்லை. இது கடைசியாகச் சேர்த்தது, சேர்த்தவர் கூட்டத்துக்கு வராமல் இருந்த அதே அக்கா. சந்தையில் 24 நைட்டி விற்றுப் போனதால்தான் நட்டம் மூவாயிரத்தோடு நின்றது என்பது கணக்கு எழுதிய அவருக்குத்தானே தெரியும்.

பார்சல் பதிவேடு ஒன்றும் போட்டிருக்கிறார்கள். தேதி, யாருக்கு, எந்த நாடு, என்ன பொருள், மதிப்பு, 13 இலக்க எண், வரி யார் கட்டுவது, கடைசியாக வாங்குபவரிடம் பேசிய தேதி. எட்டே கட்டம், நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டால் போதும். தபால் ரசீதையும் அதே பக்கத்தில் ஒட்டுகிறார்கள். 2025ல் தபால் நின்றபோது, போய்ச் சேராத பார்சலுக்கு அஞ்சல் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று அஞ்சல் துறை அறிவித்தது. ரசீது இல்லாமல் எதைக் காட்டிக் கேட்பது?

எங்களிடம் ஒரு யோசனை இருக்கிறது. ஒவ்வொரு குழுவும் தனித்தனியாக ஐ.இ.சி. எண் எடுத்து, ஒவ்வொரு ஏப்ரலும் நினைவு வைத்துப் புதுப்பிப்பது சிரமம். பல குழுக்களிடம் பான் எண்ணும் இல்லை. கூட்டமைப்பின் பெயரில் ஒரு எண் எடுத்து, குழுக்களின் பார்சலைக் கூட்டமைப்பு வழியாக அனுப்பலாமா? ஜி.எஸ்.டி. பதிவு நமக்குத் தேவையா, வெளிநாட்டுப் பணம் எந்தக் கணக்கில் வர வேண்டும் என்று ஆடிட்டரிடம் கேட்க வேண்டும். கூட்டமைப்புக்கு ஒரு பார்சலுக்கு எவ்வளவு சேவைக் கட்டணம் என்றும் பேச வேண்டும். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்கிறோம். ஒரே ஒரு பார்சல் வெளிநாட்டுக்கு அனுப்பிய குழுவாக இருந்தாலும் பிரதிநிதி வரும்போது அந்த ரசீதையும், படிவத்தின் நகலையும் எடுத்து வாருங்கள். 'பரிசு' என்று எழுதியிருந்தாலும் மறைக்காமல் கொண்டு வாருங்கள்.